பத்தாம் வகுப்புக் கிழவர்கள்

எங்கள் மூங்கிலேரியில் பிள்ளைகளுக்கு வயதாகத் தொடங்கியது அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் காலையில். முதலில் வயதானவன் பெட்டிக்கடை ஏகாம்பரத்தின் ஒரே மகன் கவியரசன். முந்தின நாள் சாயங்காலம் அவனும் அவன் வகுப்புக் கூட்டாளிகள் சந்துருவும் முகிலனும் ஏரிக்கரையில் பாழடைந்து கிடக்கும் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரோ ஒரு அண்ணன் வாங்கிக்கொடுத்த பிராந்தியை மாம்பழ ஜூஸில் கலந்து குடித்தார்கள், ஏகாம்பரத்தின் கடையிலிருந்தே உருவிய சிகரெட்டை மாற்றி மாற்றி இழுத்தார்கள், இருமினார்கள், சிரித்தார்கள், கொய்யா இலையை மென்று துப்பிவிட்டு நல்ல பிள்ளைகளாக அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். காலையில் பால் காய்ச்சிவிட்டு மகனை எழுப்பப் போன அமுதவல்லி, பாயில் அடர்ந்த மீசையோடு ஒரு ஆள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கால் இரண்டும் பாய்க்கு வெளியே நீண்டிருந்தன, இடுப்பில் இருந்தது அவள் மகனுடைய டவுசர். அவள் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆளின் தலையை மெல்லத் திருப்பி, இடது காதுக்குப் பின்னால் இருக்கவேண்டிய மச்சத்தைத் தேடினாள். இருந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன். புள்ளைக்கு மீச வந்திருக்குது."

வாயில் பிரஷ்ஷோடு வந்த ஏகாம்பரம் மகனை ஏற இறங்கப் பார்த்தான். பார்த்துவிட்டு நுரை தெறிக்கச் சிரித்தான்.

"நம்ம வம்சமே அப்பிடித்தான்டி. எங்கப்பனுக்கும் திடுதிப்புனுதான் வந்துச்சாம்."

"குரலும் மாறியிருக்குதுங்க. ஒரே ராத்திரில இப்பிடி யாருக்காவது ஆவுமா?"

"வளர்ற புள்ளைய ஒக்காந்து அளந்துக்கினு இருப்பியா? போயி என் சட்டையில ஒண்ண எடுத்தாந்து குடு."

சட்டை பொருத்தமாக இருந்தது. ஏகாம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு கடைத்தெரு முழுக்க ஒரு நடை நடந்து காட்டினான், பார்த்தவர்களும் பொறாமைப்பட்டார்கள். மத்தியானத்துக்குள் சந்துருவும் முகிலனும் அதே மாதிரி ஆளாகி வெளியே வர, மூன்று பேரும் பேருந்து நிறுத்தத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து, மற்றப் பையன்களுக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு அவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பொங்கலுக்குள் எங்கள் ஊரில் பத்தாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் பாதிப் பையன்களுக்கு மீசை தாடி முளைத்துத் தோள் அகன்று, குரல் அடித்தொண்டைக்கு இறங்கிவிட்டது.

இது எதனால் என்று யாராவது விசாரித்தார்களா என்றால், இல்லை. விசாரிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. தண்ணீரில் ஏதோ கோளாறு என்று ஒரு வாத்தியார் சொன்னார், யாரோ ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து ஏரித்தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார், பாட்டிலும் திரும்பவில்லை அதிகாரியும் திரும்பவில்லை. ஊர் விசாரித்ததெல்லாம் கணக்கைத்தான். பீர் என்றால் இவ்வளவு, பிராந்தி என்றால் இவ்வளவு, குடித்தால் முகத்துக்கும் உடம்புக்கும் வயது ஏறுகிறது, புகைத்தால் நெஞ்சுக்கு ஏறுகிறது, இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரண்டும் சேர்ந்து ஏறுகிறது, ஏறியது இறங்குவதில்லை என்று டீக்கடைக்கு டீக்கடை ஒரு நிபுணர் உட்கார்ந்து பேசினார். வளர்ந்த ஆண்கள் குடித்தால் இந்த மாதிரி எதுவும் ஆகவில்லை, வழக்கம்போல் வேட்டி மட்டும் அவிழ்ந்தது. பிள்ளைகளுக்கு மட்டும்தான் வயது ஏறியது. இது தெரிந்த பிறகாவது ஊருக்குப் பகீர் என்றிருக்க வேண்டும். இல்லையே! ஒருநாள் வரப்போகிற வயது கொஞ்சம் முன்னாலேயே வருகிறது, அதிலென்ன வந்துவிட்டது என்று இருந்துவிட்டார்கள்.

அப்புறம் அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். லாரி வைத்திருப்பவர் முகிலனை வந்து பார்த்து, ஸ்டியரிங்கைப் பிடிக்கிற கையா இது என்று மெச்சிக் கூட்டிக்கொண்டு போனார். அவன் ராத்திரி லோடுக்குத் தூக்கம் வராமலிருக்கச் சிகரெட்டும், லோடு இறக்கினால் தூக்கம் வருவதற்குப் பிராந்தியுமாக, வீட்டுப் பக்கமே வராமல் லாரி ஷெட்டிலேயே கிடந்தான். செங்கல் சூளைக்காரர்கள் வந்து தோளைத் தட்டிப் பார்த்து ஆள் பிடித்தார்கள். தரகர் ஒருவர் இரண்டு மூன்று வீடுகளில் ஜாதகம் கேட்டார். ஊராட்சித் தலைவர் கோதண்டம், அடுத்த தேர்தலுக்கு ஓட்டு கூடுமா என்று எங்கெங்கோ போன் போட்டுக் கேட்டு, பிறந்த வருஷம்தான் கணக்கு என்று சொல்லிவிட்டதால் ரொம்பவும் மனம் உடைந்துபோனார். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் இவர்களைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் சொல்லித் தொலைத்ததால், கொஞ்ச நாளைக்கு வீட்டிலேயே இருந்து படியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஏரிக்கரை ஒயின்ஷாப்பில், சின்னப் பிள்ளைகளுக்கு மது விற்பதில்லை என்று எழுதிய பலகை தொங்கியது. அதன் கீழே கடைக்காரர் நிம்மதியாக உட்கார்ந்து அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். கேட்டவர்களிடம், "மூஞ்சிய பாத்துத்தானே குடுக்கிறேன், இவன எப்பிடிச் சின்னப் பையன்னு சொல்றது?" என்றார். அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் பயங்கரம்.

ஆனால் உள்ளே இருந்த பிள்ளைக்கு வயதாகவே இல்லை. இது அமுதவல்லிக்கு மட்டும் தெரிந்தது, ஏனென்றால் அவள் ஒருத்திதான் மகனோடு பேசிக்கொண்டிருந்தாள். முப்பது வயது ஆள்போல வெளியே போகிறவன் கரண்டு போனால் அம்மா அம்மா என்று கூப்பிட்டான், தயிர்சாதத்துக்கு ஊறுகாய் தொட்டு ஊட்டச் சொன்னான், ஞாயிற்றுக்கிழமை மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினான். ஓடியவன் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, அவள் தைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். முதுகு குலுங்கியது.

"இன்னாடா ஆச்சி?"

"சேத்துக்க மாட்டேங்கிறானுங்கம்மா. ஓரமா போங்க அங்கிள், பால் பட்டுடப் போவுதுங்கிறானுங்க."

"யாரு?"

"எல்லாரும். என்கூட ஒம்போதாங் கிளாஸ்ல ஒரே பெஞ்சில ஒக்காந்தவன் சொல்றாம்மா, அங்கிள்னு."

அவள் மிஷினை நிறுத்திவிட்டு அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். தினம் சாயங்காலம் கொட்டகைக்குப் போய் வந்ததில் தலையில் நரை ஓடியிருந்தது. அன்றைக்கே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்: இந்தப் பிள்ளையை இந்த வயதிலாவது பிடித்து நிறுத்தவேண்டும், இதற்கு மேல் ஒரு மடக்கு உள்ளே போகக் கூடாது, ஒரு இழுப்பு உள்ளே போகக் கூடாது, போனால் பிள்ளை கையில் தங்காது.

முதலில் புருஷனிடம் போனாள். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு, ஊர்ப் பேரைப் போலவே பழைய பழக்கம்: எந்தப் பையன் வந்து சிகரெட் கேட்டாலும், யாருக்கு என்று கடைக்காரன் கேட்பான், அப்பாவுக்கு என்று பையன் சொல்வான், கடைக்காரன் எடுத்துக் கொடுப்பான். அந்த அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தாலும், அந்த அப்பா செத்துப் போய்த் திவசமே முடிந்திருந்தாலும், கேள்வியும் மாறாது, பதிலும் மாறாது. ஏகாம்பரம் இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்காமல் விட்டதில்லை, அந்த மட்டில் நியாயஸ்தன்.

"கடையில அத விக்கிறத நிறுத்துங்க."

"நா நிறுத்துனா? எதுத்த கடையில போயி வாங்குவானுங்க. எனக்கு யாவாரம் போவும், அவ்ளோதான்."

"எதுத்த கடைக்காரன் புள்ளையா இங்க கெழவனா ஆயிட்டு ஒக்காந்திருக்கிறான்?"

"நா எவன் வாயிலயும் கொண்டுபோயித் திணிக்கில. அப்பனுக்குன்னு கேக்குறான், குடுக்கிறேன். இவன் திருடிக்கினு போனதுக்கு நா இன்னா பண்ண முடியும்?"

"அவனுக்கும் அப்பன் இருக்கிறான்ல. அவனாண்ட யாருக்குன்னு கேட்டீங்களா?"

ஏகாம்பரம் கல்லாவைத் துடைத்தான். அவள் மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பஸ்ஸில் கண்டக்டர் இருவரையும் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்துப் பேசினார், ஆஸ்பத்திரியில் நர்ஸ், உங்க அண்ணனா என்று கேட்டாள். டாக்டர் ரத்தம் எடுத்தார், நெஞ்சைப் படம் பிடித்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எல்லாவற்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஈரலும் நெஞ்சும் வயசுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு என்றார். எந்த வயசுக்கு சார் என்று அமுதவல்லி கேட்டாள். டாக்டர் அவனுடைய முகத்தைப் பார்த்தார், நாற்பதுக்கு மேல இருக்கும்ல என்றார். சீட்டில் எழுதிய வயதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை, வெளியே வரிசை நின்றது.

அதற்கப்புறம் அவள் யாரையும் நம்பவில்லை. தையல் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கதவை உள்ளே சாத்தித் தாழ்போட்டுக்கொண்டு, வாசற்படிக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். அவன் நடுங்கினான், வாந்தி எடுத்தான், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலறினான், அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான், காலைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினான், கஞ்சியைத் தட்டிவிட்டான், பிறகு தட்டிவிட்ட கஞ்சியைத் தானே துடைத்தான். அவள் அசையவில்லை. மாசி மாதம் பாதி போனபோது ஒரு காலையில் கை நடுக்கம் இல்லாமல் எழுந்து, தானே பல் துலக்கி, சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு முணுமுணுவென்று படிக்க ஆரம்பித்தான். வயது நின்றுவிட்டது. அப்பனும் மகனும் ஒரே வயதில், அண்ணன் தம்பிபோல, ஒரே தட்டுக் குழம்பில் இட்லி தொட்டுத் தின்றார்கள். போனது திரும்பாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இருக்கிறதே, இது போதும், இதை வைத்து ஒரு வாழ்க்கை வாழ்ந்துவிடலாம் என்று அவள் சந்தோஷப்பட்டாள், வெகுநாளைக்குப் பிறகு தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள்.

பரீட்சைக்கு அவனுடைய இப்போதைய அளவுக்குப் பள்ளிக்கூடச் சட்டையும் பேன்ட்டும் தைத்துப் போட்டு, நெற்றியில் விபூதி இட்டு அனுப்பினாள். தேர்வு மைய வாசலில் மடக்கிக்கொண்டார்கள். ஹால் டிக்கெட்டில் இருந்த படத்தில் முகப்பருவோடு ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான். வேற ஆளுக்குப் பரீட்சை எழுத வந்தாயா, வயசான காலத்தில் வெட்கமாக இல்லையா என்று அதிகாரி திட்டினார். அவன் படித்ததை எல்லாம் அங்கேயே நின்று ஒப்பித்துக் காட்டியிருக்கிறான், முதல் பாடத்தில் ஆரம்பித்து, கண்ணீர் வழிய, வாட்ச்மேன் வந்து கையைப் பிடித்து வெளியே விடுகிற வரைக்கும். அன்றைக்கு அவன் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "அடுத்த வருசம் எழுதறேம்மா, அதுக்குள்ள பழகிடுவாங்க" என்றான்.

பழகியிருப்பார்களோ என்னவோ. அதற்குள் சந்துரு செத்துப்போனான்.

அவன் கணக்கில்லாமல் குடித்ததில் பல் கொட்டி, கூன் விழுந்து, கோல் ஊன்றி, பள்ளிக்கூட வேலிக்கு வெளியே கட்டில் போட்டு உட்கார்ந்து உள்ளே பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தக் கட்டிலிலேயே ஒரு மத்தியானம் தூக்கத்தில் போய்விட்டான். ஊர் அவனைப் பார்த்தது: தொண்ணூறு வயதுக் கிழவர், படுத்த படுக்கையில் கிடக்காமல், யாருக்கும் தொந்தரவு தராமல் போய்ச் சேர்ந்திருக்கிறார். எங்கள் ஊரில் இப்படி நிறைந்த வயதில் செத்தால் அது கல்யாணச் சாவு, அதற்கு அழக்கூடாது, ஆடவேண்டும். கல்யாணச் சாவு விழுந்து வெகுகாலமாகியிருந்ததால் எல்லோருக்கும் கை அரித்துக்கொண்டிருந்தது. தாமரை வடிவத்தில் பூப்பல்லக்குக் கட்டினார்கள், டவுனிலிருந்து டிரம்ஸ் செட் வந்தது, சரவெடி தெரு நெடுக விரிந்தது. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டுமே என்று தேடி, பேரன் இல்லாததால் மூன்றாம் வகுப்புப் படிக்கும் சந்துருவின் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தி, பேரன் ஸ்தானத்தில் பிடிக்க வைத்தார்கள். அவனுடைய அம்மா அழ வாயைத் திறந்தபோதெல்லாம் டிரம்ஸ் அடித்தது.

கல்யாணச் சாவில் ஆடுகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பதும் முறை. கவியரசன் கூட்டத்துக்கு வெளியே தள்ளி நின்றான். கோதண்டம் அவனுடைய தோளில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஒன் சேக்காளி சாவுல நீ ஆடலன்னா எப்பிடி? அவன் ஆத்மா சாந்தியடைய வாணாமா?"

"நா விட்டுட்டேன் தலைவரே. அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன்."

"இம்மாம் வயசாயி அம்மாவுக்குச் சத்தியமா?"

எல்லோரும் சிரித்தார்கள். டம்ளர் கைக்கு வந்தது. பல்லக்கில் சந்துருவின் வாயைத் துணியால் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். கவியரசன் அவனைப் பார்த்தான். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் முதல் மடக்கைக் குடித்துவிட்டு, பேதி மருந்து மாதிரி இருக்குடா என்று சொல்லிச் சிரித்தவன் அவன்தான். அந்தத் துக்கத்தை என்ன செய்வது என்று தெரியாமல், பதினைந்து வயதில் யாருக்குத்தான் தெரியும், டம்ளரை ஒரே மூச்சில் விழுங்கினான். அமுதவல்லி சேதி கேட்டு ஓடிவந்தபோது அவன் சரவெடிப் புகைக்குள்ளே ஆடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் முடி வெளுத்தது. பல்லக்கு சுடுகாட்டுக்குப் போய்ச் சேரும்போது அவனால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

அதன்பிறகு அவள் கதவைச் சாத்தவில்லை. சாத்தி என்ன, ஓடுகிற கால் அவனுக்கு இல்லை. அக்கினி வெயிலில் அவனுக்கு உடம்பு சில்லிட்டது. ஏகாம்பரம் மகனுடைய மூச்சுச் சத்தத்தைக் கேட்கப் பொறுக்காமல் விடியும் முன்பே கடைக்குப் போய், சாப்பாட்டுக்குக்கூட வராமல் அங்கேயே கிடந்தான். ஒரு மத்தியானம் கவியரசன் கண்ணைத் திறந்து, "அம்மா, ரிசல்ட் வந்துடுச்சா?" என்று கேட்டான். இன்னும் இல்லைடா கண்ணு என்றாள். "நா பாஸ் ஆயிட்டா சைக்கிள் வாங்கித் தருவாரா அப்பா?" என்றான். தருவாருடா என்றாள். வெளியே வெயில் கொளுத்தியது, அவன் இருட்டாக இருக்கிறது லைட்டைப் போடு என்றான். அவள் எழுந்து போய் லைட்டைப் போட்டுவிட்டு வந்தாள், அதற்குள் போய்விட்டான்.

சாயங்காலம் ஊர் கூடியது. பல்லக்குக்கு மூங்கில் வந்து இறங்கியது, டிரம்ஸ் செட்டுக்காரர்கள் தெருமுனையில் திருகாணியை முறுக்கித் தட்டிப் பார்த்தார்கள், எந்தத் தெருப் பிள்ளையை நெய்ப்பந்தம் பிடிக்க வைப்பது என்று பேச்சு நடந்தது. லாரி ஷெட்டிலிருந்தும் சூளையிலிருந்தும் கட்டில்களிலிருந்தும், அந்தப் பொங்கலுக்கு மீசை முளைத்தவர்கள் எல்லோரும் கோலூன்றி வந்து தெரு ஓரமாக வரிசையாகக் குந்தினார்கள். அவர்களுக்கும் டம்ளர் போனது. அமுதவல்லி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து மூங்கிலுக்கு நடுவே நின்றாள்.

"மேளம் வாணாம். எம் புள்ளைய பொதைக்கணும்."

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளை செத்தால் மேளம் கிடையாது, வெடி கிடையாது, பல்லக்கு கிடையாது. துணியில் சுற்றி, தகப்பன் கையிலேந்திக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அவள் அதைத்தான் கேட்டாள்.

கோதண்டம் கையைக் கூப்பியபடி வந்தார். "இத பாரும்மா, துக்கம் புரியிது. ஆனா பெரியவர் நெறைஞ்ச வயசுல போயிருக்கிறார். ஒடம்ப பாரு, யாரு சொல்லுவா சின்னப் புள்ளன்னு? பொதைச்சா ஊருக்கு ஆவாது."

"பெரியவரா? பத்தாவது படிக்கிற புள்ள அது."

"சரி, நீ பொம்பள. நீ சொல்றதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. தகப்பன் சொல்லட்டும்."

கூட்டம் ஏகாம்பரம் பக்கம் திரும்பியது. எல்லோருக்கும் ஒன்று புரிந்திருந்தது: உள்ளே கிடப்பது பிள்ளை என்று இவன் சொல்லிவிட்டால், சந்துருவும் பிள்ளை, தெரு ஓரத்தில் குந்தியிருக்கிற அத்தனை பேரும் பிள்ளைகள், இத்தனை நாளும் ஊர் யாருக்கு ஊற்றிக் கொடுத்தது, யாரைச் சூளைக்கு அனுப்பியது, யாருடைய சாவில் ஆடியது என்ற கேள்வி வந்துவிடும். கிழவர் என்று சொல்லிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. ஒருவர் ஆறுதலாக ஏகாம்பரத்தின் கையிலும் ஒரு டம்ளரைத் திணித்தார். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எங்கிட்டதான் வாங்குனாங்க" என்றான். குரல் எழும்பவில்லை. டம்ளரைக் கீழே போட்டுவிட்டு மறுபடியும் சொன்னான், இந்தத் தடவை தெருமுனை வரைக்கும் கேட்டது. "எல்லாப் புள்ளைங்களும் எங்கிட்டதான் வாங்குனாங்க. யாருக்குன்னு கேட்டுட்டுத்தான் குடுத்தேன். அவங்களுக்குத்தான்னு எனக்குத் தெரியும். உள்ள கெடக்கிறது எம் புள்ளய்யா. பத்தாவது படிக்கிற புள்ள. மேளத்த நிறுத்துங்க."

அவன் உள்ளே போனான். அமுதவல்லி தன்னுடைய பருத்திப் புடவையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தாள். வெளியே வந்தபோது அவன் இரண்டு கையிலும் மகன் இருந்தான், நரைத்த தலை அப்பன் தோளில் சாய்ந்திருக்க, எலும்பும் தோலுமாக, சத்தியமாக ஒரு பள்ளிக்கூடப் பையனுடைய கனம்கூட இல்லாமல். யாரும் வழிமறிக்கவில்லை. டிரம்ஸ்காரர்கள் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். அப்படி ஒரு அமைதி எங்கள் தெருவில் அதற்கு முன்னால் இருந்ததில்லை, அந்த அமைதியில்தான் அந்தச் சத்தம் கேட்டது.

தெரு ஓரத்தில் குந்தியிருந்த கிழவர்களில் ஒருவர் அழ ஆரம்பித்திருந்தார். கிழவர் அழுகிற அழுகை இல்லை அது. ஸ்கூல் விட்டு எல்லோரும் போனபிறகும் கூட்டிப்போக ஆள் வராத பிள்ளையின் அழுகை. அம்மா என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கோலைப் போட்டுவிட்டு அம்மா என்றார், அவருக்கு அடுத்தவர், அதற்கும் அடுத்தவர் என்று தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பல் போன வாய்களெல்லாம் திறந்து அம்மா அம்மா என்று கதறின. கூட்டத்துக்குள்ளிருந்து பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தலைமுடி அவிழ ஓடிவந்தார்கள். வந்தவர்களுக்கு எது தங்கள் பிள்ளை என்று தெரியவில்லை. முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள், காதைத் திருப்பிப் பார்த்தார்கள், காலில் பழைய தழும்பைத் தேடினார்கள், இது இல்லை என்று விட்டுவிட்டு அடுத்த முகத்துக்குப் போனார்கள். விடப்பட்டவர்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். ஆண்கள் அப்படியே நின்றார்கள், கோதண்டம் சட்டைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

முகிலனின் அம்மா பூங்கோதை, பொங்கலுக்கு லாரி ஏறிப் போன மகனை அதன்பிறகு பார்க்காதவள், வரிசை முழுக்கப் போய்விட்டாள். ஒவ்வொருவரையும் யாரோ ஒருத்தி கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டிருந்தாள். கடைசியில், கரண்டுக் கம்பத்துக்குக் கீழே, கண்ணில் பூ விழுந்து, எச்சில் வடிய ஒரு கிழவர் மட்டும் தனியாகக் குந்தியிருந்தார். அவள் அவருக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"நீ யாரு வூட்டுப் புள்ளப்பா?"

கிழவர் கையை நீட்டித் துழாவி, அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன் புள்ளதாம்மா."